சக்கரம் தொங்கும்போது புஷ் போல்ட்டை இறுக்காதீர்கள்: மெக்கானிக் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கார் மெக்கானிக் நண்பர்களுக்கும், உங்களுக்கு வேலை பிரித்துத் தரும் சூப்பர்வைசர்களுக்கும் வணக்கம்.

நானும் உங்களைப் போல லிஃப்ட்டுக்கு அடியில் நின்று வேலை பார்ப்பவன்தான். வேறு இடத்தில் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை) மாற்றிய கார்கள் சில மாதங்களிலேயே பழையபடி ‘டக் டக்’ என்ற சத்தத்தோடு என்னிடம் வருகின்றன. கழற்றிப் பார்த்தால் பாகம் டூப்ளிகேட் இல்லை, நல்ல பொருள்தான். ஆனால் ஆர்ம் சட்டத்தோடு சேரும் மூட்டில் இருக்கும் புஷ் ரப்பர் கிழிந்திருக்கும். “மட்டமான சாமானைப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள்” என்று வண்டிக்காரர் கொதிப்பார். யாரும் ஏமாற்றவில்லை, போல்ட்டை இறுக்கிய விதம்தான் தப்பு என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதை உங்களிடமே நேராகச் சொல்லிவிடுகிறேன்.

ஆர்மில் இருக்கும் சாதாரண ரப்பர் புஷ்ஷுக்குள் பேரிங் போலச் சுழல்கிற பாகம் எதுவும் கிடையாது. வெளிக்குழல் ஆர்முக்குள் அழுத்தி ஏற்றப்பட்டிருக்கிறது. உள்குழலை போல்ட் இறுக்கிப் பிடித்து சப்ஃப்ரேம் என்ற அடிச்சட்டத்தோடு ஒன்றாக்கிவிடுகிறது. நடுவில் உள்ள ரப்பர் பெரும்பாலும் இந்த இரண்டு குழல்களோடும் ஒட்டியே இருக்கும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது அந்த ரப்பர்தான் முறுகி, மறுபடி பழைய நிலைக்குத் திரும்புகிறது. எந்த நிலையில் நாம் போல்ட்டை இறுக்குகிறோமோ, அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை.

இப்போது லிஃப்ட்டில் நடப்பதைப் பாருங்கள். சக்கரம் தொங்குகிறது, ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. போல்ட்டை வேகமாக முடுக்கும் இம்பாக்ட் கன்னை வைத்து அப்படியே இறுக்கிவிடுகிறோம். வண்டியைத் தரையில் இறக்கிய நொடியிலிருந்தே ரப்பர் முறுகித்தான் நிற்கும். வண்டி ஓடவே வேண்டாம், இரவு முழுக்க சும்மா நின்றாலும் பிழிந்த துணியைப் பிடித்த பிடி விடாமல் வைத்திருப்பது போலத்தான். அப்புறம் ஒரு மேட்டில் சக்கரம் இன்னும் மேலேறினால், முறுக்கம் அந்த ரப்பர் தாங்கும் அளவைத் தாண்டிவிடும். கிழியாமல் என்ன செய்யும்?

மாற்று வழி ஒன்றும் கஷ்டமில்லை. வேலையைத் தொடங்கும் முன், வண்டி தரையில் நிற்கும்போதே சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புது ஆர்மை மாட்டும்போது புஷ் போல்ட்டுகளைக் கழன்று விழாத அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். பிறகு வண்டியைச் சக்கரத்திலேயே நிற்கவைக்கும் நான்கு தூண் லிஃப்ட்டிலோ குழிக்கு மேலோ கொண்டுபோய், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். அந்த வசதி இல்லையென்றால் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்கு அடியில் ஜாக் கொடுத்து, முதலில் எழுதிவைத்த அளவு வரும்வரை உயர்த்தி இறுக்கலாம். வண்டி லிஃப்ட் கைகளிலிருந்து எழும்பிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதில் அலட்சியம் கூடாது. ஆர்மை நக்கிளோடு இணைக்கும் பால் ஜாயிண்ட்டின் நட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. உள்குழல் தானே சுழலும் பாலியூரித்தேன் புஷ்களுக்கும் கிடையாது. ஆனால் பின்பக்க டிரெய்லிங் ஆர்ம், பின் ஷாக் அப்சார்பரின் கீழ்ப்பக்க ரப்பர் புஷ், இரண்டுக்கும் இது பொருந்தும். பின்பக்கத்தை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள்.

இறுக்குவதில் மட்டுமல்ல, சோதிப்பதிலும் லிஃப்ட் நம்மை ஏமாற்றும். சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் வருகிற கடகட சத்தத்துக்கு ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் முனையைப் பிடிக்கும் இணைப்பு) அடிக்கடி காரணமாக இருக்கும். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுகி, லிங்க்கை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துவிடும். அதில் இருக்கும் ஆட்டம் கைக்குத் தெரியாது. லிங்க் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டி, அடுத்து ஷாக்கின் மேல் பழி போடுவோம். நான்கு சக்கரமும் தரையில் நிற்க, லிங்க்கைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் தெரிந்துவிடும்.

பால் ஜாயிண்ட்டில் கதை நேர்மாறு. அங்கே சுமை இல்லாதபோதுதான் ஆட்டம் வெளியே தெரியும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக இருக்கும் மெக்பெர்சன் ஸ்ட்ரட் வண்டியில் சக்கரம் தொங்கினாலே போதும். ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும் அமைப்பு என்றால், கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஸ்பிரிங்கின் விசை ஜாயிண்ட்டை அழுத்திப் பிடித்து ஆட்டத்தை மறைத்துவிடும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள், நிற்காவிட்டால் ஜாயிண்ட்டை.

ஷாக் அப்சார்பர் பற்றியும் கொஞ்சம். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அதன் துள்ளலை அடக்குவது ஷாக். உள்ளே இருக்கும் எண்ணெய் சின்ன வால்வுகள் வழியாக நெருக்கிப் போகும்போது அந்தத் துள்ளலின் ஆற்றல் சூடாக மாறிவிடுகிறது. ராடு பக்கத்தில் லேசாக எண்ணெய் ஈரம் படிந்திருப்பது சகஜம், அதைக் காட்டி “லீக்” என்று சொல்வது நியாயமில்லை. சொட்டுச் சொட்டாக வழிந்தால்தான் லீக். ஒரே அச்சில் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். புது ஷாக்கின் ராடைக் கட்டிங் பிளேயரால் பிடிக்கவே கூடாது. பளபளப்பான அந்தப் பரப்பில் விழும் கீறல் சீலை அறுத்துவிடும். ஸ்ட்ரட்டின் மேல் நட்டைக் கழற்றும் முன் ஸ்பிரிங் கம்ப்ரெஸரால் ஸ்பிரிங்கை அழுத்திக்கொள்ளுங்கள். உயிரோடு விளையாடுகிற இடம் அது.

கிரீச் சத்தத்துக்கு ரப்பர் புஷ்ஷில் இன்ஜின் ஆயிலோ சாதாரண கிரீஸோ தடவி அனுப்பும் வழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சத்தம் கொஞ்ச நாள் அடங்கும். ஆனால் பெட்ரோலியம் சார்ந்த எண்ணெய் இயற்கை ரப்பரை ஊதவைத்து இளக்கிவிடும்.

சூப்பர்வைசர்களே, மேலே சொன்னதில் பாதி உங்கள் கையில்தான் இருக்கிறது. “இன்னும் அரை மணியில் வண்டி வெளியே போகணும்” என்று நீங்கள் நெருக்கும்போது, வண்டியை இறக்கி, உருட்டி, மறுபடி குழிக்கு மேல் கொண்டுபோய் இறுக்க எந்த மெக்கானிக்குக்கு மனசு வரும்? அந்த நேரத்தையும் கூலிக் கணக்கில் சேருங்கள். சத்தம் என்று வரும் காரை லிஃப்ட்டில் ஏற்றும் முன், வண்டிக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து மெக்கானிக்கே ஓட்டிப் பார்க்க விடுங்கள். பிரேக் பிடிக்கும்போது வரும் ஒற்றை இடிக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்ட்ரட் மவுண்ட்டிலிருந்து வரும் முனகலுக்கும் உள்ள வித்தியாசம் ஜாப் கார்டில் எழுதும் “முன்பக்கம் சத்தம்” என்ற இரண்டு சொற்களில் தெரியாது.

இன்னொன்று, ஆர்ம், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட், ஸ்ட்ரட் எதை மாற்றினாலும் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோண அளவுகள்) பார்க்காமல் வண்டியை அனுப்பாதீர்கள். புஷ் போல்ட்டுகளை வண்டியின் எடையில் இறுக்கி முடித்த பிறகுதான் அதைப் பார்க்க வேண்டும், முன்னால் பார்த்தால் அந்த அளவுகளை நம்ப முடியாது. அலைன்மென்ட்டுக்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுத்தாளையும், கழற்றிய பழைய பாகத்தையும் வண்டிக்காரரிடம் கொடுங்கள். பில்லில் “புஷ் போல்ட்டுகள் வண்டி தரையில் நிற்கும் நிலையில் இறுக்கப்பட்டன” என்று ஒரு வரி எழுதி, இறுக்கியவரின் கையெழுத்தையும் வாங்குங்கள். என்னிடம் வேலை முடிந்து போகும் கார்களுக்கு அந்த வரியை நான் எழுதித்தான் கொடுக்கிறேன். நீங்களும் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
சஸ்பென்ஷன் வேலை பார்க்கும் உங்களில் ஒருவன்