பின்னறையில் இருந்து படிப்பித்த மகளுக்கு

கொக்கட்டிச்சோலை
ஞாயிறு இரவு

அன்புள்ள மகளுக்கு,

அன்று போனில் நீ சொன்னதைக் கேட்டுவிட்டு நான் ஒன்றும் பேசவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை மகள். கடையில் பிள்ளைகள் பிரிண்ட் எடுக்க நின்றார்கள். அதோடு இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நாள் தேவைப்பட்டது. எழுதினால்தான் ஒழுங்காகச் சொல்ல வரும்.

மெல்பேர்னில் வேலை தருகிறார்கள், பிஎச்டி முடிந்ததும் அங்கேயே நிற்கலாம், நீ விரிவுரையாளராக இருக்கிற வந்தாறுமூலைக் கம்பஸ் பிள்ளைகளுக்கு அங்கிருந்தே சூமில் படிப்பிக்கலாம் என்றாய். "இப்ப எல்லாம் ஒன்றுதானே அப்பா" என்றும் சொன்னாய். அந்த ஒரு வசனம்தான் மூன்று நாளாக என் மனதில் கிடக்கிறது.

கொமினிகேஷன் கடை வைத்துப் பிழைக்கிறவன் நான். போனையும் இன்டர்நெட்டையும் கெட்டது என்று சொல்ல மாட்டேன். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை, அந்தத் துறையில் பாதை என்கிற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்து எழுவான்கரைக்குப் போனோம். ஒரு படிவம் வாங்கி வர ஒரு பகல் போய்விடும். இன்றைக்கு உயர்தர ரிசல்ட் பார்ப்பதும் கம்பஸுக்கு விண்ணப்பிப்பதும் என் மேசையிலேயே முடிகின்றன. தகப்பன் வேளாண்மை வெட்டப் போகிற வீட்டுப் பிள்ளை, பஸ் காசு இல்லாமல் தன் விண்ணப்பத்தைத் தானே நிரப்புகிறது. அதைப் பார்க்கிறபோது எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று உனக்குத் தெரியும்.

நீ கம்பஸில் படிக்கிற காலத்தில் வந்து சொன்ன கேரளத்து மீனவர் கதையை நான் இன்னும் மறக்கவில்லை. றொபேர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007இல் எழுதியது. 1997 ஜனவரியில் ஒரு நாள் விடிய, வடகரையில் 11 தோணிக்காரர் வாங்க ஆளில்லாமல் சாளையைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதே நேரம் 15 கிலோமீற்றருக்குள் இருந்த மற்றக் கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் நின்றார்கள். பிறகு போன் டவர் வந்தது, கடலில் இருந்தே விலை கேட்டார்கள், மீனைக் கொட்டுவது நின்றுபோனது. மீனவருக்கு இலாபம் 8 வீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 வீதம் குறைந்தது. நீ கை காலெல்லாம் ஆட்டிச் சொன்னாய். அம்மா அடுப்பில் வைத்த கறியை மறந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தா.

அந்தக் கதையைத்தான் இந்த மூன்று நாளும் திருப்பித் திருப்பி யோசித்தேன். அந்த மீனவனுக்கு மீன் பிடிக்கத் தெரியும், பேரம் பேசத் தெரியும். எந்தக் கரையில் ஆள் நிற்கிறது என்பது மட்டும்தான் தெரியாது. அதைப் போன் சொன்னது, காரியம் முடிந்தது. நம் பிள்ளைகளின் நிலை அப்படி இல்லை. எது தெரியாது என்பதே அதுகளுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும்.

2020ஐ நினைத்துப் பார். கம்பஸ் பூட்டினார்கள், நீ நம் கடைப் பின்னறையில் இருந்து படிப்பித்தாய். பல்கலைக்கழகச் சூமுக்கு டேட்டா கழியாது என்று ஒழுங்கு செய்திருந்தார்கள். அது பெரிய உதவிதான். ஆனால் கவரேஜ் இல்லாத ஊருக்கு அது போய்ச் சேரவில்லை. பிள்ளைகள் குளக்கட்டில் ஏறி நின்று பாடம் கேட்டார்கள். பொழுது பட்டால் யானைக்குப் பயந்து இறங்கிவிடுவார்கள். நீ ஒவ்வொரு நாளும் பின்னறையில் இருந்து வெளியே வந்து, "அப்பா, நான் பெயர்களுக்குப் படிப்பிக்கிறேன், முகம் ஒன்றும் இல்லை" என்பாய்.

அந்தப் பிள்ளை வந்தது நினைவிருக்கா? ரீலோட் போட வந்து, கவரேஜ் நல்லா இருக்கு என்று வாசல் வாங்கிலேயே இருந்து பாடம் கேட்டது. உள்ளே பலகைக்கு அந்தப் பக்கம் உன் குரல். ஒரு கணம் கழித்து அதே குரல் அதன் போனில். பிள்ளை திடுக்கிட்டு எழும்பி நின்றது. பாடம் முடிந்து நீ வெளியே வந்தாய், இரண்டு பேரும் வாங்கில் இருந்தீர்கள். ஒரு மாதமாக ஒரு கேள்வி கேட்காத பிள்ளை அது. நீ ஆங்கிலத்தில் சொன்ன இலாஸ்டிசிட்டி என்னவென்று விளங்கவில்லை என்று தமிழில் மெதுவாகக் கேட்டது. "விலை கூடினால் வாங்குவது எவ்வளவு குறையும் என்று நீ உயர்தரத்தில் படித்த கேள்வி நெகிழ்ச்சிதானே அது மகள்" என்றாய். அந்தப் பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. தனக்கு நன்றாகத் தெரிந்த பாடத்தைத் தெரியாது என்று நினைத்து, ஒரு மாதம் தன்னை மொக்கு என்று எண்ணியிருக்கிறது. சூமில் இருந்திருந்தால் இது உனக்குத் தெரிய வந்திருக்குமா?

2012இல் ஒன்லைனில் பாடம் நடத்துகிற கோர்செராவும் எட்எக்ஸும் தொடங்கியபோது, இனி ஏழை நாட்டுப் பிள்ளையும் வீட்டில் இருந்தே ஹார்வர்ட் பாடம் படிக்கும் என்று உலகம் பேசியதை நீதான் சொன்னாய். 2019இல் சயன்ஸ் சஞ்சிகையில் வந்த கணக்கையும் நீதான் சொன்னாய். எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களில் 2017-18இல் சேர்ந்தவர்களில் 100க்கு ஏறக்குறைய 3 பேர்தான் முடித்தார்கள். சேர்ந்தவர்கள் கூடியதும் பணக்கார நாடுகளில்தான். இதெல்லாம் என்னைவிட உனக்குத் தெரியும்.

காசுப் பக்கத்தையும் பார். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்குப் போனபோது, ஒன்லைன் சான்றிதழுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் என் கடையில் நின்று கணக்குப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். சான்றிதழின் விலை அங்கே ஒரு சதம் கூடவில்லை. மார்ச் 31 அன்று 13 மணித்தியாலம் கரண்டும் இல்லை. மென்பொருளும் சான்றிதழும் வெளியே, இப்போது விரிவுரையாளரும் வெளியே என்றால், இந்த மண்ணில் என்ன மிஞ்சும்?

வந்தாறுமூலையில் 1981இல் ஒரு கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக வந்த இடம் அது. 1990இல் சண்டை வந்தபோது சுற்றூர்ச் சனம் ஆயிரக்கணக்கில் ஓடிப்போய் ஒதுங்கியதும் அங்கேதான். அம்மாவின் ஆட்களும் இருந்தார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

படித்து முடித்துத் திரும்பி வந்து வேலை செய்வேன் என்று நீ கம்பஸுக்கு எழுதிக்கொடுத்த பொண்டுக்கு நான் பிணை நின்றதை வைத்து நீ முடிவெடுக்கக் கூடாது. கட்ட வேண்டி வந்தால் வளவில் பாதியை விற்றுக் கட்டுவோம், அம்மாவும் அதைத்தான் சொல்கிறா. நீ அங்கேயே நின்றாலும் நீ என் பிள்ளைதான். அப்படி நின்றால் ஒன்று செய். பாடத்தைத் தமிழில் விளக்கி, சிறிய ஓடியோவாகப் போட்டு வட்ஸ்அப்பில் அனுப்பு. கவரேஜ் கிடைக்கிற இடத்தில் இறக்கி, வீட்டில் போய்க் கேட்பார்கள்.

ஆனால் கையெழுத்து வைக்க முதல் ஒரு மாதம் வந்து நில். அந்தப் பிள்ளை இப்போது பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். போன கிழமை போட்டோகொப்பி எடுக்க வந்து, "மிஸ் எப்ப வருவா?" என்று கேட்டது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வருகிற திகதியைச் சொல். கட்டுநாயக்காவுக்கு வான் பேசி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா