வராத பணத்துக்கும் வரி: ஜிஎஸ்டி கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

ஜிஎஸ்டி கவுன்சில் உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இயந்திர உதிரிபாகம் செய்யும் சின்னப் பட்டறை என்னுடையது. மச்சான் சிங்கப்பூரில் கிட்டத்தட்ட இதே தொழிலில் இருக்கிறார். ஊருக்கு வரும்போதெல்லாம் எந்த நாட்டில் தொழில் செய்வது சுலபம் என்று எங்களுக்குள் ஒரு சண்டை நடக்கும்.

கம்பெனி ஆரம்பிப்பதில் இப்போதெல்லாம் நான் தோற்பதில்லை. அங்கே 315 சிங்கப்பூர் டாலர் கட்டி ஆன்லைனில் பதிவு செய்கிறார்கள் என்றால், இங்கேயும் ஒரே விண்ணப்பத்தில் பதிவு, பான், டான் என்ற வரி எண்கள் எல்லாம் வந்துவிடுகிறது. வாடகை, வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் கட்ட வேண்டிய லெவி என்று அவர் புலம்புவதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருக்கும். ஆனால் கடைசியில் "அதெல்லாம் சரி, பில் போட்ட பணம் கைக்கு வருதா?" என்பார். அங்கேதான் நான் வாயை மூடிக்கொள்வேன்.

எந்த நாட்டில் தொழில் செய்வது சுலபம் என்று உலக வங்கி போட்ட 2020 பட்டியலில் இந்தியா 63-ஆம் இடத்துக்கு வந்ததைக் கொண்டாடினோம். (தரவுகளில் முறைகேடு என்று 2021-ல் அந்தப் பட்டியலையே நிறுத்திவிட்டார்கள், அது வேறு கதை.) அதே பட்டியலில், ஒப்பந்தத் தகராறு நீதிமன்றத்தில் தீர இங்கே ஆகும் காலம் 1,445 நாள், சிங்கப்பூரில் 164 நாள். அதுவும் டெல்லியையும் மும்பையையும் மட்டும் வைத்துப் போட்ட கணக்கு.

நீதிமன்றம் உங்கள் கையில் இல்லை, தெரியும். உங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளர் 5 லட்சத்துக்குச் சரக்கு எடுத்து 14 மாதமாகிறது, ஒரு பைசா வரவில்லை. 18 சதவீதம், அதாவது 90,000 ரூபாய் வரி. இரும்பு வாங்கும்போது கட்டியதைக் கழித்துக்கொண்டு மீதியை மறுமாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டிவிட்டேன், ஆனால் எப்படிப் பார்த்தாலும் 90,000-மும் என் கையிலிருந்து போனதுதான். கிரெடிட் நோட், அதாவது பில் தொகையையும் அதன் வரியையும் குறைக்கும் சீட்டு, போடலாமா என்று ஆடிட்டரிடம் கேட்டேன். சரக்கு திரும்பி வந்தால் போடலாம், பில்லில் விலையை அதிகமாகப் போட்டிருந்தால் போடலாம், பணம் வரவில்லை என்பதற்காகப் போட முடியாதாம்.

இதைவிட வேடிக்கை, 180 நாளில் வாடிக்கையாளர் எனக்குப் பணம் தராவிட்டால், அவர் எடுத்த இன்புட் கிரெடிட்டை (என் பில்லில் உள்ள வரியைத் தன் வரியில் கழித்துக்கொண்டதை) வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்கிறது உங்கள் சட்டம். சரி, நியாயம்தான். ஆனால் அப்போது நான் கட்டியது? அதுவும் உங்களிடமே இருக்கிறது. ஒரே சரக்குக்கு இரண்டு பக்கமும் வசூல்.

சிங்கப்பூரில் 12 மாதம் பணம் வராமல், வசூலிக்க முயன்றதற்கு ஆதாரம் வைத்து, கணக்கில் வாராக்கடன் என்று எழுதிவிட்டால் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்பக் கேட்கலாம். பிறகு பணம் வந்தால் வரியைத் திரும்பக் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

"45 நாளில் பணம் தர வேண்டும் என்று சிறுதொழில் சட்டம் இருக்கிறதே, புகார் கொடு" என்று நீங்கள் சொல்லலாம். கொடுத்தால் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டிகூடக் கிடைக்கும், அடுத்த ஆர்டர்தான் கிடைக்காது.

அதே 180 நாள் விதிக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: வாங்கியவர் கிரெடிட்டைத் திருப்பிக் கட்டிய அன்றே, விற்றவர் தன் வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்று. உங்கள் கஜானாவுக்கு இதில் ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை.

இப்படிக்கு,
20-ஆம் தேதி தவறாமல் கட்டும் ஒரு பட்டறைக்காரன்