மானைச் சுமக்கும் பை காப்பிப் பழத்தைச் சுமக்காதா?

அனுப்புநர்: ஒரு காப்பித் தோட்டக்காரர், ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்: குறைதீர் அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: சுமைப்பையின் அடித்தட்டு முறிந்தது, உத்தரவாதம் மறுக்கப்பட்டது – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா, வணக்கம்.

நவம்பர் கடைசியில் உங்கள் இணையதளத்தில் 14,800 ரூபாய் கட்டி, அலுமினியச் சட்டம் வைத்த சுமைப்பை ஒன்று வாங்கினேன். பில்லும் படங்களும் இணைத்திருக்கிறேன். என்னை வாங்க வைத்தது உங்கள் விளம்பர வீடியோதான். அமெரிக்காவில் ஒருவர் லைசென்ஸ் எடுத்து வேட்டையாடிய மானை, விழுந்த இடத்திலேயே தொடை வேறு முன்னங்கால் வேறாகப் பிரித்து, துணிப்பைகளில் போட்டு, இந்தச் சட்டத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பாதையே இல்லாத பாறைச் சரிவில் இறங்குகிறார். ‘ஜீப் போகாத இடத்துக்கு, 45 கிலோ வரை’ என்று கீழே எழுத்து ஓடுகிறது. நம்முடையதும் ஜீப் போகாத இடம்தானே என்று ஆர்டர் போட்டுவிட்டேன்.

என் தோட்டத்தின் கீழ்ப்பாதி செங்குத்துச் சரிவு. பறித்த பழத்தை மேலே ஜீப் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவர அரை கிலோமீட்டர் ஏற வேண்டும். இதுவரை தலைச்சுமைதான். பழத்தை அன்றைக்கே பல்பரில் போட்டுத் தோலெடுக்க வேண்டும். மூட்டையிலேயே கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும், காப்பியில் அந்த வாசம் வந்துவிடும். மான் கறிக்கும் அதே அவசரம்தானாம். சூடு சீக்கிரம் தணியாவிட்டால் கெட்டுவிடும் என்று உங்கள் கையேட்டிலேயே போட்டிருக்கிறது.

அந்தக் கையேட்டை நான் வரி விடாமல் படித்தவன். கனமானதை முதுகை ஒட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவில் உயரமாக வைக்க வேண்டும். முதலில் இடுப்புப் பட்டையை இறுக்கி எடையை இடுப்பில் இறக்கிவிட்டு, அப்புறம்தான் தோள் வாரை இழுக்க வேண்டும். எல்லாம் அப்படியே செய்தேன். கறி கட்டின இடத்தில் நிற்கும், பழ மூட்டை கீழே இறங்கித் தொப்பை போடும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் இரண்டு சின்ன சாக்குகளாகப் பிரித்து, வாயை இறுகக் கட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தேன். தராசில் 32 கிலோ.

நியாயமாகச் சொல்ல வேண்டும், முதல் எட்டு நாள் அருமையாக இருந்தது. கழுத்து வலி இல்லை, இரண்டு கையும் சும்மா இருந்ததால் மரத்தைப் பிடித்து ஏற முடிந்தது. ‘சும்மாடு இருக்கையில இது எதுக்குங்க தம்பி’ என்று சிரித்த பெரியவர்கூட ஒருநாள் கேட்டு வாங்கி மாட்டிப் பார்த்தார்.

ஒன்பதாம் நாள், டிசம்பர் 11 அன்று, பாதி ஏற்றத்தில் பின்னால் டப்பென்று ஒரு சத்தம். கீழ்ச் சாக்கு நழுவியது, சட்டம் ஒருபக்கம் சாய்ந்து என்னையும் சேர்த்து இழுத்தது. கைக்கு ஒரு சில்வர் ஓக் மரம் அகப்பட்டதால் முட்டிச் சிராய்ப்போடு தப்பினேன். சாக்கு வாய் பிளந்து பழம் சரிவெல்லாம் ஓடியது. பறிக்க வந்த பெண்கள் ஒரு மணி நேரம் குனிந்து பொறுக்கியும் பாதிதான் கிடைத்தது. ஏறக்குறைய ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டை என்பது எங்கள் கணக்கு. நஷ்டத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

முறிந்தது அடித்தட்டு சட்டத்தோடு சேரும் வலது மூலை. சேலத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் காட்டினேன். மேலே மட்டும் பிடித்திருக்கிறது, உள்ளே பற்றவே இல்லை என்றார். எடை தாங்காமல் போயிருந்தால் குழாய் வளைந்திருக்கும். இதில் குழாய் நேராகவே இருக்கிறது, ஒட்டு மட்டும் விட்டிருக்கிறது. நான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இதற்கு நீங்கள் அனுப்பிய பதில்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. ‘இப்பொருள் வேட்டை இறைச்சி சுமப்பதற்காக வடிவமைக்கப்பட்டது, விவசாயப் பயன்பாட்டுக்கு உத்தரவாதம் பொருந்தாது.’ 32 கிலோ என்றால் 32 கிலோதான், உள்ளே இருப்பது கறியா பழமா என்று வெல்டிங்குக்கு எப்படித் தெரியும்? அதை விடுங்கள். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மான் வேட்டைக்குச் சிறைதான். நான் மானை நிம்மதியாக நின்று பார்ப்பதே அடிவாரத்துக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் டிக்கெட் எடுத்துத்தான். உத்தரவாதம் வேண்டுமானால் நான் ஜெயிலுக்குப் போகிற வேலையைச் செய்ய வேண்டும் என்கிறீர்களா? ரூபாயில் விலை போட்டு, சேலம் பின்கோடு கேட்டு வாங்கி, பார்சல் அனுப்பும்போது இது தோன்றவில்லையா?

இன்னொன்று. 2020 மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். உங்களிடமிருந்து முதல் வரி வரவே பதினோரு நாள் ஆனது.

மாற்றுப் பை வேண்டாம். அதே ஒட்டு இன்னொரு பையிலும் இருக்கும், பிப்ரவரியில் மிளகு பறிப்பு தொடங்கும்போது அதை நம்பி யாரையும் ஏணி வைத்த சரிவுக்கு அனுப்ப மாட்டேன். 14,800 ரூபாயையும் கொட்டிப்போன பழத்துக்கான தொகையையும் பதினைந்து நாளுக்குள் அனுப்புங்கள். இல்லையென்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

உடைந்த சட்டம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வேண்டுமென்றால் கூரியர் செலவு உங்களுடையது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்