கிளிப்போர்டில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கலிஃபோர்னியாவில் சாண்டா கிளாரா கவுண்டியில் சொந்த வீடு வைத்திருக்கும் தமிழ் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை தமிழ்ப்பள்ளி விடும் நேரம். மகளைக் கூட்டிப்போக பார்க்கிங்கில் நின்றிருந்தேன். ஒரு கிளிப்போர்டு கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. எல் காமினோ ரியல் சாலை ஓரம் இரண்டு வருடமாக மூடிக் கிடக்கும் மெத்தைக்கடையை இடித்துவிட்டு ஆறு மாடி அபார்ட்மென்ட் கட்டப் போகிறார்களாம். கூடாது என்று நகரசபைக்கு ஒரு மனு. ஏற்கெனவே பதினேழு கையெழுத்து. பாதிக்கு மேல் தெரிந்த பெயர்கள். ஒருவர் அழகாகத் தமிழிலேயே போட்டிருந்தார். "என்னங்க யோசிக்கிறீங்க?" என்று கேட்டவரிடம், பேனா எழுதவில்லை என்று சாக்குச் சொல்லி நழுவிவிட்டேன். கோழைத்தனம்தான். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2011-இல் ஏழு லட்சம் டாலருக்கு வீடு வாங்கினேன். அப்போது அதுவே தலையைச் சுற்றியது. பக்கத்து வீடும் அதே அளவு, அதே கூரை, அதே பழைய பைப். 2022-இல் ஒரு குடும்பம் அதை இருபத்து நான்கு லட்சத்துக்கு வாங்கியது. நான் வருடத்துக்குச் சுமார் பதினோராயிரம் டாலர் சொத்து வரி கட்டுகிறேன். அவர்கள் முப்பதாயிரத்தைத் தொடுகிறார்கள். 1978-இல் கலிஃபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த 13-ஆம் பிரேரணையின் தயவு இது. அடிப்படை வரி ஒரு சதவீதம், வீடு கைமாறும்வரை மதிப்பீடு வருடத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று சட்டம். அதாவது முன்னால் வந்தவனுக்குப் பந்தி, பின்னால் வந்தவனுக்குப் பில். நான் பந்தியில் உட்கார்ந்திருக்கிறவன். மனு போட்டவர்களில் முக்கால்வாசிப் பேரும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறோம்.

அப்புறம், "ஊரோட தன்மை கெட்டுடும்" என்கிறீர்கள். எந்தத் தன்மை? 1940-இல் இந்தக் கவுண்டியின் மக்கள்தொகை 1,74,949. ஆப்ரிகாட், செர்ரி, ப்ரூன் தோப்புகள்தான் ஊர். 1970-இல் பத்து லட்சத்தைத் தாண்டியது. 2020 கணக்கெடுப்பில் 19,36,259. நாம் குடியிருக்கும் தெருவெல்லாம் யாரோ ஒருவர் தோப்பை வெட்டிப் போட்டதுதான். சன்னிவேல் கம்யூனிட்டி சென்டர் பக்கத்தில் நகராட்சி இன்னும் ஓர் ஆப்ரிகாட் தோப்பைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள், பழைய தன்மை எப்படி இருந்தது என்று தெரியும்.

இன்றைய தன்மை நாம்தான். கவுண்டியில் பதினைந்து நகரங்கள். பத்தில் நான்கு பேர் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்கள். ஆசியர்கள்தான் மிகப் பெரிய பிரிவு, நூற்றுக்கு 39 பேர் அளவில். நடுவான குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல். ஆனாலும் நூறு வீடுகளில் கிட்டத்தட்ட 45 வாடகைக் குடும்பங்கள்.

மனுவில் இரண்டாவது பாராவில் 'லோ இன்கம்' என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட்டிருந்தீர்கள். யாரை நினைத்துப் போட்டீர்கள்? மாநில அரசின் 2023 அட்டவணைப்படி நம் கவுண்டியில் நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 1,37,100 டாலர் வரை 'குறைந்த வருமானம்'தான். ஹெச்-1பி வேலை விசாவில் வந்து, மனைவிக்கு வேலை செய்ய அனுமதி இல்லாமல், ஒற்றைச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் தம்பிகளில் பலர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான். பழைய சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், நாமும் அங்கேயிருந்துதான் வந்தோம்.

திருச்சிப் பக்கத்து ஜோடி ஒன்று எனக்குப் பழக்கம். ஒரு படுக்கையறை அபார்ட்மென்ட். குழந்தை பிறந்ததும் வாக்-இன் க்ளோசெட்டின் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, சட்டைகள் தொங்கும் கம்பிக்குக் கீழே தொட்டில் போட்டிருக்கிறார்கள். பார்க்கப் போனபோது அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "இவளுக்குத் தனி ரூம் அங்கிள்" என்றாள். சனிக்கிழமை கிளிப்போர்டு அவர்கள் பக்கமும் போனது. "வாடகைக்கு இருக்கிறவங்க கையெழுத்து வேண்டாம்" என்று யாரோ வாங்கிக்கொண்டார்கள். நகரசபைக்கு அப்படி ஒரு விதியே கிடையாது.

என் மகளுக்கு மூன்று வயதில் டேகேரில் எழுத்துப் பழக்கிய ஆசிரியை இப்போது ட்ரேசியில் இருக்கிறார். அது வேறு கவுண்டி. காலை நாலரைக்குக் கிளம்பி, ஆல்டமான்ட் மலையைத் தாண்டி, 580, 680 நெடுஞ்சாலைகளில் வந்து ஏழு மணிக்குக் கதவைத் திறக்கிறார். நம் பிள்ளைகளுக்காக! "அபார்ட்மென்ட் வந்தால் டிராஃபிக்" என்கிறவர்கள் இதையும் யோசிக்கலாம். அந்த டிராஃபிக் ஏற்கெனவே வந்தாயிற்று. ஐந்து மைல் ஓட வேண்டிய கார் ஐம்பது மைல் ஓடுகிறது, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் சேரும் என்பது இன்னொரு பயம். 2022-இல் குபெர்டினோ யூனியன் பள்ளி மாவட்டம் ரெக்னார்ட், மெயர்ஹோல்ஸ் என்ற இரண்டு தொடக்கப்பள்ளிகளை மூடியது. கூட்டம் தாங்காமல் அல்ல, பிள்ளைகள் குறைந்துபோனதால். நல்ல ஸ்கூல் என்றுதானே அந்தப் பக்கம் வீடு வாங்கத் தவம் கிடந்தோம்? நம் பிள்ளைகள் வளர்ந்து காலேஜ் போய்விட்டார்கள். நாம் நகரவில்லை. சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பம் நுழைய வழியில்லை. அப்புறம் வகுப்பு எப்படி நிறையும்?

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று. 2016 நவம்பரில் இந்தக் கவுண்டியில் மெஷர் ஏ என்று ஒன்று ஓட்டுக்கு வந்தது. கட்டுப்படியாகும் வீடுகளுக்கு 95 கோடி டாலர் கடன்பத்திரம். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், கிடைத்தது. சிட்டிசன்ஷிப் வாங்கி முதல் ஓட்டே அதற்குப் போட்டதாகப் பெருமையாகச் சொன்னவர்களை எனக்குத் தெரியும். பணம் கொடுக்கச் சம்மதம், கட்டடம் மட்டும் நம் தெருவில் கூடாது என்றால் அந்த வீட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது? 2023-இல் எண்ணியபோது கவுண்டியில் வீடில்லாதவர்கள் 9,903 பேர். மெத்தைக்கடைக்கு முன்னால் ஓடுகிறதே 22-ஆம் நம்பர் பஸ், அது விடிய விடிய ஓடிய காலத்தில் தூங்குவதற்காகவே ஏறியவர்கள் உண்டு. 'ஹோட்டல் 22' என்றே அதற்குப் பேர். மெத்தைக்கடை வாசலில் அந்த பஸ் நின்று போவதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சரி, தடுத்துவிட முடியும் என்றாவது நினைக்கிறீர்களா? 2023 முதல் 2031 வரை மாநிலச் சட்டப்படி இந்தக் கவுண்டிக்கு ஒதுக்கிய இலக்கு 1,29,577 புது வீடுகள். சான் ஹோசேக்கு மட்டும் 62,200. அங்கே குடியிருப்பு நிலத்தில் 94 சதவீதம் தனி வீட்டுக்கென்றே ஒதுக்கியது. எப்படிக் கட்டப் போகிறோம் என்ற திட்டத்தை 2023 ஜனவரி 31-க்குள் ஒழுங்காகக் கொடுக்காத நகரங்களில், மலிவு வீடுகளைச் சேர்த்துக்கொண்டு வரும் கட்டுமானக்காரரை ஸோனிங்கை, அதாவது எங்கே என்ன கட்டலாம் என்ற நகர விதியைக் காட்டி மறுக்க முடியாத நிலை வந்தது. நாலு மாடி கூடாது என்று சண்டை போட்ட ஊர்களில் அதைவிடப் பெரிய விண்ணப்பங்கள் வந்து விழுந்தன. ஆறு மாடியில் எத்தனை மலிவு வீடு, குழந்தைகள் விளையாட எவ்வளவு இடம், எல் காமினோவைக் கடக்க ஒரு சிக்னல், இவற்றைக் கேளுங்கள். அப்படி ஒரு மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது. பேனாவும் நானே கொண்டுவருகிறேன்.

இந்த அபார்ட்மென்ட் பற்றிய நகரத் திட்டக்குழுக் கூட்டம் வரும் செவ்வாய் மாலை ஏழு மணிக்கு. ஆளுக்கு இரண்டு நிமிடம் தருவார்கள். வாடகைக்கு இருக்கிறவர்களும் பேசலாம். நான் பெயர் கொடுத்துவிட்டேன். திருச்சித் தம்பியும் வருகிறார், குழந்தையைத் தூக்கிக்கொண்டு. என் காரில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. ஆறரைக்குத் தமிழ்ப்பள்ளி பார்க்கிங்கில் நிற்பேன்.