பெட்டி வாங்கும் முன்: ஓய்வு பெறும் படைவீரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பப்போகும் சகோதரர்களுக்கு,

வணக்கம். கிராஜுவிட்டி (பணிக்கொடை), கமுட்டேஷன் (ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது) பணத்தில் அமரர் ஊர்தியும் ஃப்ரீசர் பெட்டியும் வாங்கி இறுதிச் சடங்குத் தொழிலில் இறங்கலாமா என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். இறங்குங்கள். சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கும் ஆட்கள் இந்தத் தொழிலுக்கு நிறையத் தேவை. ஆனால் பெட்டியை முதலில் வாங்காதீர்கள். யாரிடமாவது ஆறு மாதம் கூடப்போய்க் கைவேலையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

உயிர் பிரிந்த முதல் இரண்டு மணி நேரத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. விறைப்பு இமையிலும் தாடையிலும் தொடங்கிக் கீழே இறங்கும். 12 மணி நேரம் ஏறும், 12 நிற்கும், 12 இறங்கும் என்பது தோராயக் கணக்கு. கோடையில் இன்னும் விரைவு. விறைப்பு ஏறும் முன் கண்ணை மூடி, வாய்க்கட்டு கட்டி, கைகளை நேராக்கி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். மோதிரத்தையும் தோட்டையும் கழற்றும்போது வீட்டார் இருவரைப் பக்கத்தில் நிறுத்தி, எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விரல் வீங்கியபின் கழற்ற முடியாது. பேஸ்மேக்கர் (நெஞ்சில் வைக்கும் இதயத்துடிப்புக் கருவி) உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். அதன் பேட்டரி தகன மேடையில் வெடிக்கும். மருத்துவரைக் கொண்டு முன்பே எடுத்துவிட வேண்டும்.

ஃப்ரீசர் பெட்டி கெடுதலைத் தள்ளிப்போடும், திருப்பாது. கோடையில் 12 முதல் 18 மணி நேரத்துக்குள் அடிவயிற்றின் வலப்பக்கம் பச்சை படரத் தொடங்கும். அதற்குப் பிறகு பெட்டியில் வைத்துப் பயன் குறைவு. வண்டியில் சாய்ந்து வந்த பெட்டியை இறக்கியவுடன் சுவிட்சைப் போடாதீர்கள். கம்ப்ரசர் எண்ணெய் கீழே இறங்க அரை மணி நேரம் விடுங்கள். மின்சாரம் போய் வந்தால் ஐந்து நிமிடம் கழித்துத்தான் மறுபடி போட வேண்டும். 15 ஆம்ப் பிளக்கில் நேராகச் செருகுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் சூடேறி உருகும். எர்த் இல்லாத வீட்டில் இரும்புச் சட்டம் முழுக்க மின்சாரம் பாயலாம். உறவினர் எல்லாரும் அதன்மேல்தான் சாய்ந்து அழுவார்கள். மின்கசிவு கண்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. ஒன்றை எப்போதும் பெட்டியோடு கொண்டுபோங்கள். இதில் சிக்கனமே கூடாது.

பாம்புக்கடி, விபத்து, தூக்கு, விஷம் என்றால் உடலைத் தொடாதீர்கள். காவல் நிலையத்துக்குச் சொல்லி, பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 194ஆம் பிரிவு மரண விசாரணை முடியும்வரை காத்திருங்கள். பெரியவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் சரி. வீட்டில் இயற்கையாக நிகழ்ந்த மரணமென்றால், கடைசியாக வைத்தியம் பார்த்த மருத்துவரிடம் காரணச் சான்று (படிவம் 4ஏ) வாங்கச் சொல்லுங்கள்.

சாவு வீட்டில் உத்தரவு போடாதீர்கள். பட்டாளப் பழக்கத்தில் முதலில் விட வேண்டியது இதுதான். “எத்தனை மணிக்கு எடுக்கிறது?” என்பதை அந்த வீட்டுப் பெரியவர்தான் சொல்ல வேண்டும். மயானத்தில் வாங்கிய நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, நீர்மாலைக்கும் வாய்க்கரிசிக்கும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அவர் காதில் மெதுவாகச் சொன்னால் போதும்.

ஊரில் முன்னாள் படைவீரர் ஒருவர் இறந்தால் உங்களைத்தான் தேடி வருவார்கள். பாசத்தில் யாராவது தேசியக்கொடி கொண்டுவந்து போர்த்துவார்கள். அரசு மரியாதை, படை மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கில் மட்டுமே கொடி போர்த்தலாம். மற்றபடி தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். அவர் பதக்கங்களையும் தொப்பியையும் தலைமாட்டில் வையுங்கள், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் தகவல் சொல்லுங்கள். மரியாதை உண்டு என்றால் காவி நிறம் தலைப்பக்கம் வர வேண்டும். எரிக்கும் முன், குழியில் இறக்கும் முன், கொடியை எடுத்துவிட வேண்டும். காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியில் போகும்படி மடித்து, சக்கரம் மேலே தெரிய, இரு உள்ளங்கையிலும் ஏந்திக் கொடுங்கள்.

இறந்த படைவீரரின் மனைவிக்கு, அந்த அம்மாவுக்கு, உங்களால் ஆகும் பெரிய உதவி காகிதத்தில்தான் இருக்கிறது. இறப்பை 21 நாளுக்குள் கட்டணமின்றிப் பதியலாம். பதியும் முன் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பி.பி.ஓ.வையும் (ஓய்வூதிய ஆணை) எடுத்துவைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பட்டாளத்தில் “முருகன் கே” என்றும் ஆதாரில் “கே. முருகன்” என்றும் இருக்கும். மனைவி ஒன்றில் லட்சுமி, இன்னொன்றில் லெட்சுமி. குடும்ப ஓய்வூதியம் பெரும்பாலும் இங்கேதான் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்கிறது. ஸ்பர்ஷ் என்ற படைத்துறை ஓய்வூதிய இணையதளத்திலும், அவர் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசிலும் உடனே தெரிவிக்க வேண்டும்: மதராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், எம்.இ.ஜி.க்கு (மதராஸ் பொறியாளர் படை) பெங்களூரு, ஆர்ட்டிலரிக்கு நாசிக், சிக்னலுக்கு ஜபல்பூர், ஈ.எம்.இ.க்கு (மின், இயந்திரப் பொறியாளர் படை) செகந்திராபாத். இறந்தபின் கணக்கில் ஏறும் ஓய்வூதியத்தை ஏ.டி.எம்.மில் எடுக்க வேண்டாம் என்று மகனிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பின்னால் அந்தத் தொகையைத் திரும்பப் பிடிப்பார்கள். இறந்தவர் 67 வயதைத் தொடாதவர் என்றால், ஏழு ஆண்டுகள் அல்லது அவருக்கு 67 நிறைவாகும் நாள், எது முன்னதோ அதுவரை குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 50 விழுக்காடு என்ற கணக்கில் கிடைக்கும்; பிறகு 30. இதைப் பல அம்மாக்களிடம் யாரும் சொல்வதே இல்லை. இறப்புச் சான்றிதழில் பத்துப் பிரதியாவது எடுத்து, பி.பி.ஓ. நகலோடு ஒரே கவரில் போட்டு, அந்த அம்மா கையிலேயே கொடுங்கள்.

இப்படிக்கு,
அமரர் சேவைத் தொழிலில் இருக்கும் முன்னாள் படைவீரர்கள்