தாழ்ப்பாள் ஆடம்பரமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், தெருவில் வாழ்ந்தவர்களுக்காகக் கட்டப்படும் இல்லம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். படமெல்லாம் பிரமாதம். அதில் ஒரு வரி: "ஆளுக்கொரு அலமாரி, உள்தாழ்ப்பாள் என்ற ஆடம்பரமெல்லாம் எதற்கு? இவர்களுக்குக் கூரையும் மூன்று வேளைச் சோறும் போதும்." எழுதியவர் நல்ல மனசோடுதான் எழுதியிருப்பார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

என் அக்கா மனநலம் கெட்டு ஒன்பது வருடம் தெருவில் இருந்தவர். கண்டுபிடித்த பிறகு ஒரு காப்பகத்தில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். கூரை இருந்தது, சோறும் மூன்று வேளை வந்தது. பேன் என்று சொல்லி முதல் நாளே மொட்டை அடித்துவிட்டார்கள். நாற்பது பேருக்கு ஒரே கூடம். குளியலறைக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். சரி, ராத்திரி கூடத்தை வெளியே பூட்டிவிட்டுப் போகிறீர்களே, தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன். பதில் இல்லை. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி மனநலக் காப்பகத் தீ. உங்களுக்குத் தெரியாததா? சங்கிலியோடு கிடந்து ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள்.

அங்கே இருந்தவரை அக்கா புடவையோடுதான் தண்ணீர் ஊற்றிக்கொள்வார். துணிப்பையைத் தலைக்கு வைத்து, செருப்பு போட்டபடியே படுப்பார். தெருவில் கழற்றி வைத்த செருப்பு காலையில் இருக்காது, அந்தப் பழக்கம். 'பிடிவாதக்காரி' என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள்.

இப்போது நான்கு வருடமாக ஒரு வாடகை வீட்டில், இன்னும் நான்கு பெண்களோடு இருக்கிறார். உதவிக்கு ஒரு அம்மா வருவார். சென்னையில் 'தி பேன்யன்' அமைப்பு 2015இல் 'ஹோம் அகெய்ன்' என்று தொடங்கியதே, அதே முறைதான்: சாதாரணத் தெரு, சாதாரண வீடு, நாலைந்து பேர், கூட ஒரு துணை. குடிபோன அன்றே ஆளுக்கொரு தகரப் பெட்டியும் சாவியும் கொடுத்தார்கள். அக்கா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். ஒருநாள் எனக்கு மட்டும் திறந்து காட்டினார். இரண்டு கிளிப், பாதி ஹமாம் சோப்பு, என் மகளின் கல்யாணப் பத்திரிகை. நீங்கள் சொன்ன ஆடம்பரம் இவ்வளவுதான். மூன்றாவது மாதம் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் குளித்தார். தொட்டித் தண்ணீர் காலி என்று மற்றவர்கள் கத்தினார்கள். அன்று ராத்திரி அவர் செருப்பு வாசலில் கிடந்தது.

அந்த வீடு கிடைக்கப் பதினான்கு வீடு ஏறி இறங்கினோம். 'ஃபேமிலிக்கு மட்டும்தான் விடுவோம்' என்பார்கள். ஐந்து பெண்கள் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டால் ஃபேமிலி இல்லையாம். சட்டத்துக்கு ஒன்றும் குறைவில்லை. வீடில்லை, சொந்தமில்லை என்பதற்காக மட்டும் யாரையும் மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். நகரத் தங்குமிடங்களில் ஆளுக்கு 50 சதுர அடியாவது வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலே இருக்கிறது. உங்கள் நிருபர் இதெல்லாம் படிக்காமலா எழுதியிருப்பார்?

இன்னொன்று. கட்டுரையில் அதிகாரி 'கூறினார்', கான்ட்ராக்டர் 'தெரிவித்தார்'. அங்கே தங்கப்போகும் அறுபது வயதுப் பெண் மட்டும் 'சொன்னாள்'. உங்கள் பத்திரிகையில் 'ர்' போட என்ன தகுதி வேண்டும் என்று தெரிந்தால் அக்காவிடம் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்பும் இதைப் பற்றி எழுதினேன். நாலு வரியாக வெட்டி, ரசப்பொடிக் குறிப்புக்குப் பக்கத்தில் போட்டீர்கள். நன்றி.

புது இல்லத்தின் வரைபடத்தை வண்ணத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். பூந்தொட்டி எங்கே வரும் என்பதுகூடத் தெரிகிறது. குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா என்று மட்டும் விசாரித்து, அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள். மயங்கி விழுவார்கள் என்று பயமாக இருந்தால், அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்கும் தாழ்ப்பாள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது. அக்கா வீட்டில் அதுதான் போட்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தங்கை,
விழுப்புரம்