பொருள்: மரம் காய்வதைக் கணக்கிடும் உங்கள் மென்பொருள் தந்த தவறான அளவு

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். செங்கோட்டையில் கதவுப் பட்டறை வைத்திருக்கிறேன். பச்சை மரத்தை எந்த அளவில் அறுத்தால் காய்ந்தபின் எவ்வளவு நிற்கும் என்று சொல்லும் உங்கள் மென்பொருளுக்கு ஓராண்டுச் சந்தா கட்டியிருக்கிறேன். அதை நம்பி அறுத்த 40 தேக்குப் பலகைகளில் 22 வீணாகிவிட்டன.

காய்ந்தபின் அகலம் 250 மில்லிமீட்டர், ஈரப்பதம் 12 சதவீதம் என்று கொடுத்தேன். 256-இல் அறுக்கச் சொன்னது, அறுத்தோம். சூளையிலிருந்து எடுத்து அளந்தால் 18 பலகைகள் 252 நிற்கின்றன, மற்ற 22-உம் 248-ஐக்கூடத் தொடவில்லை. ஒரே மரம், ஒரே சூளை.

காரணம் பலகையின் தலைப்பிலேயே, அதாவது அறுத்த முனையிலேயே தெரிகிறது. 252 நின்றவற்றில் ஆண்டு வளையங்கள் செங்குத்தாக நிற்கின்றன, சுருங்கியவற்றில் படுத்திருக்கின்றன. பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை தேக்கு வளையத்தின் போக்கில் சுமார் 5.8 சதவீதம் சுருங்கும். வளையத்துக்குக் குறுக்கே சுமார் 2.5 சதவீதம்தான். வளையம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று உங்கள் மென்பொருள் ஓர் இடத்திலும் கேட்பதில்லை. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 4.15 என்று வைத்திருக்கிறது. மர விவரப் பக்கத்தில் அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. அப்படிச் சுருங்குகிற தேக்கு எந்தக் காட்டிலும் இல்லை.

அகலம் மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். வளையம் படுத்த பலகைகள் பட்டைப் பக்கம் குழிந்துவிட்டன. இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்தால் நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் நுழைகிறது. இழைத்து மட்டமாக்கினால் கதவுக்கு வேண்டிய கனம் நிற்காது. மிச்ச மரத்தில் அறுத்த மேசைக்கால் கட்டைகள் இன்னும் வேடிக்கை. வளையம் மூலைக்கு மூலை ஓடியவை சதுரமாகப் போய்ச் சாய்சதுரமாக வந்திருக்கின்றன. செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம் எந்த மூலையிலும் உட்காரவில்லை. உங்கள் திரையிலோ முதல் நாள் ஒரு செவ்வகம், கடைசி நாள் கொஞ்சம் சின்னச் செவ்வகம், அவ்வளவுதான்.

போனில் பேசிய உங்கள் ஊழியர், சூளையில் சூடு அதிகம் என்றார். சரி, அதையும் பார்த்துவிட்டேன். ஈரப்பதம் அளக்கும் மீட்டரில் எல்லாப் பலகையும் 12-ஐ ஒட்டித்தான் காட்டுகின்றன, தலைப்பில் வெடிப்பு ஒன்றுகூட இல்லை. 252 நின்ற பலகைகளும் அதே அடுக்கில்தான் இருந்தன. அவற்றுக்கு மட்டும் சூடு ஏறவில்லையா?

அறுத்த அன்றே எங்கள் ஆசாரி, குழியப் போகிற பலகைகளில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தார். கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன். அந்தக் கோடுகளோடு எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன்.

சந்தாப் பணத்தையும், 22 பலகைகளின் மரவிலை, அறுப்புக்கூலி ஆகியவற்றையும் தரக் கேட்டுக்கொள்கிறேன், ரசீதுகள் உள்ளன. 15 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அதற்கு முன்னால் அந்த 4.15-ஐ எடுத்துவிடுங்கள். அதைப் பார்த்து இன்னொரு பட்டறைக்காரர் இந்த வாரமே மரம் அறுத்துக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
கதவுப் பட்டறை உரிமையாளர்,
செங்கோட்டை